தரவு மட்டும் போதாது, கணிக்க இடமும் வேண்டும்

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, நாசா–இஸ்ரோ கூட்டு முயற்சியான நிசார் செயற்கைக்கோள், பூமியின் நிலப்பரப்பில் பெரும்பகுதியை 12 நாள்களுக்கு ஒருமுறை ரேடாரால் அளக்க வல்லது. அதிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 80 டெராபைட் தரவு உருவாகும் என்பது நாசாவின் மதிப்பீடு. நொடிக்கு 100 மெகாபிட் வேக இணைப்புள்ள ஒரு கல்லூரி இந்த ஒரு நாள் தரவை இறக்கி முடிக்கவே எழுபது நாளுக்கு மேல் ஆகும். எந்த ஆய்வாளருக்கும் அத்தனையும் தேவைப்படாதுதான். ஆனால், நிலத்தடி நீரை உறிஞ்சியதால் ஒரு மாவட்டத்தில் நிலம் எத்தனை சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது என்று அறிய, ஒரே இடத்தின் படங்களை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டாக வேண்டும். தரவை இலவசமாக்குவதோடு அரசின் கடமை முடிந்துவிடாது. தரவு இருக்கும் இடத்திலேயே அதைக் கணிக்கும் வசதியை, மேகக் கணிமை வழியாகப் பொதுச் செலவில் நம் பல்கலைக்கழகங்களுக்குத் தர வேண்டும்.

இலவசத் தரவும் கணிக்கும் வசதியும் கைகூடினால் என்ன நடக்கும் என்பதை உலகம் பார்த்துவிட்டது. 1972 முதல் சேர்ந்துவந்த லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை அமெரிக்கா 2008இல் இலவசமாக்கியது. ஆனால், உலகக் காடுகளின் முழுக் கணக்கு 2013இல்தான் கிடைத்தது. மேரிலாந்து பல்கலைக்கழகக் குழு ஆறரை லட்சம் படங்களை கூகுள் எர்த் எஞ்சின் என்ற மேகக் கணிமைத் தளத்தில் கணித்து, 2000 முதல் 2012 வரை 23 லட்சம் சதுர கிலோமீட்டர் காடு அழிந்ததை வரைபடமாக்கியது. ஒற்றைக் கணினியில் 15 ஆண்டு இழுத்திருக்கும் அந்த வேலை சில நாள்களில் முடிந்தது.

அந்நிய நிறுவனங்களின் கணினிகளை நம்பினால் நாளை கட்டணத்தை உயர்த்தி நம்மை முடக்கிவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. அதற்காக ஒதுங்கி நிற்பது தீர்வாகாது. பாஞ்ஜியோ போன்ற குழுக்கள் வளர்த்துவரும் திறந்த மூல நிரல்கள் எந்த நிறுவனத்தின் கணினியிலும் ஓடும், அரசின் தரவு மையத்திலும் ஓடும். அவற்றையே கட்டாயமாக்கினால் இடம் மாறுவது நம் கையில் இருக்கும். இப்படிக் கணித்துப் பெறும் வண்ண வரைபடம் ஏமாற்றிவிடும் என்பது இன்னும் கனமான ஆட்சேபம். நீர் அகச்சிவப்புக் கதிரை விழுங்கும், பச்சிலை திருப்பி அனுப்பும்; அதனால் ஆகாயத்தாமரை மூடிய ஏரி, செயற்கைக்கோள் படத்தில் நீர்நிலையாகவே தெரியாமல் போகலாம். இந்தப் பிழையை எங்கோ இருக்கும் ஆய்வுக்கூடத்தைவிட, அந்த ஏரியை நேரில் பார்க்கும் உள்ளூர்க் கல்லூரி விரைவில் பிடித்துவிடும். அந்தக் கல்லூரிகளுக்குத்தான் இன்று கணிக்க வழியில்லை. செயற்கைக்கோளுக்குப் பணம் ஒதுக்கும்போதே, அதன் தரவைக் கல்லூரிகள் கணிப்பதற்கான செலவையும் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும்.