எதிர் வீட்டுப் பிள்ளைக்கும் ஓர் இடம்



ஜூன் பிறந்தால் சித்தூர்ப் பக்கம் இரண்டு வரிசைகள் நீளும். மாம்பழக்கூழ் ஆலைகளின் வாசலில் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் ஒரு வரிசை. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட வந்த கார்களும் ஸ்கூட்டர்களும் இன்னொரு வரிசை. இரண்டாவது வரிசையைப் பார்த்தால் என் கண் பின் சீட்டுக்குத்தான் போகும். காருக்கு ஒரு பிள்ளை. ஒரே தெருவிலிருந்து ஒரே பள்ளிக்கு நாலைந்து கார்கள்.

எங்கள் பெண்கள் இருவரும் சின்னவர்களாக இருந்தபோது சித்தூரில்தான் குடியிருந்தோம். வீட்டில் ஓர் ஆம்னி வேன். எதிர் வீட்டுத் தெலுங்குக் குடும்பத்தோடு பார்த்தால் சிரிப்பது என்ற அளவில்தான் பழக்கம். ஒரு மழை நாளில் அவர்கள் வீட்டு ஆட்டோ வரவில்லை. பையனின் புத்தகப் பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி அந்த அம்மா வாசலில் நிற்க, என் மனைவி வேன் கதவைத் தள்ளி, "ஏறுடா கண்ணா" என்றாள். மறுநாள் முதல் அவன் எங்கள் வண்டிப் பிள்ளை. அவன் அம்மாவுக்கு என் மனைவி 'அக்கா' ஆனாள், நான் 'பாவா' ஆனேன், பையனுக்கு 'பெத்தம்மா' கிடைத்தாள்.

பள்ளிக்கூடம் பத்து நிமிடத் தூரம். உறவு கெட்டிப்பட்டது திருப்பதிப் பாதையில். எழுபது கிலோமீட்டர் சொச்சம். இரண்டு குடும்பமும் ஒரே வேனில். அந்த வீட்டிலிருந்து புளியோதரை வரும், எங்கள் வீட்டிலிருந்து தயிர்சாதம். ஜன்னலோர இடத்துக்குச் சண்டை மூண்டால் காணிப்பாக்கம் வழியாக வண்டியை விடுவேன். அங்கே பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய யாரும் துணியமாட்டார்கள். ஊமை, செவிடு, குருடாக இருந்த மூன்று சகோதரர்கள் கிணறு வெட்டியபோது அவர் கிடைத்த கதையையும், அவர் இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறார் என்ற நம்பிக்கையையும் சொன்னால் பின் சீட்டு கப்சிப். "அப்போ நாம பெரியவங்களாகும்போது கோயில் பத்துமா?" என்று சின்னவள் கேட்பாள். சந்திரகிரிக் கோட்டையை யார் முதலில் பார்ப்பது என்று அடுத்த போட்டி தொடங்கும்.

அலிபிரி தாண்டினால் மலை. 1944-இல் முதல் மலைப்பாதை திறக்கும்வரை நடந்தோ டோலியிலோதான் ஏறியிருக்கிறார்கள். 1974-இல் இரண்டாவது பாதை வந்தபின், ஏற ஒன்று, இறங்க ஒன்று. பழைய பாதையில் இறங்கும்போதுதான் பிள்ளைகளுக்குத் தலை சுற்றும். எதிர் வீட்டு அம்மா முந்தானை முடிச்சிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, நகத்தால் தோலைக் கீறி, மூவரின் மூக்கிலும் வரிசையாகக் காட்டுவார். தன் பிள்ளைக்கு முதலில் காட்டி நான் பார்த்ததில்லை. இப்போது மலைப்பாதையில் வேகத்துக்குக் கடிவாளம் போட்டிருக்கிறார்கள்: ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அந்த வேகம் சட்டம் வருவதற்கு முன்பே பழக்கம்தான்.

மே மாதம் திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை. தாதய்யகுண்டா கங்கம்மா ஏழுமலையானின் தங்கை என்பது ஊர் வழக்கு. தேவஸ்தானத்திலிருந்து தங்கைக்குப் புடவை வரும். நாளுக்கொரு வேடம். உடம்பெல்லாம் வெள்ளை பூசி ஒருநாள், குங்குமம் அப்பி ஒருநாள் என்று பெரியவர்களோடு பொடிசுகளும் தெருவில் இறங்கிவிடுவார்கள். குங்கும வேடத்தோடு வேனில் ஏறிய பையன், சீட் உறையில் தன் முதுகை அப்படியே அச்சுப் பதித்துவிட்டுப் போனான். வேனை விற்கும் வரை அந்தச் சிவப்பு போகவில்லை.

1911 வரை இந்தப் பகுதியின் பெரும்பங்கு வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, சித்தூர் ஆந்திரத்தில் நின்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானது. வரைபடம் இத்தனை முறை மாறியும் சித்தூர்த் தெருவில் பூக்காரம்மா ஒரு வீட்டில் தமிழிலும் அடுத்த வீட்டில் தெலுங்கிலும்தான் விலை சொல்கிறார். எங்கள் பெண்கள் தெலுங்கு படித்ததும் எதிர் வீட்டுப் பையன் தமிழ் படித்ததும் ஆம்னியின் பின் சீட்டில், பெரும்பாலும் சண்டை போட்டு.

பெரியவள் கல்யாணத்தில், உடன்பிறந்தவன் வந்து பொரியிட வேண்டும் என்று புரோகிதர் அழைத்தார். நாங்கள் யோசிப்பதற்குள் அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணவறை ஏறிவிட்டான்.

அந்தக் காலம்போல் பிள்ளைகளை அடைத்து ஏற்ற இன்று சட்டம் இடம் தராது, தரவும் கூடாது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் போனால் அபராதம் 1,000 ரூபாய். ஆகவே பெல்ட் உள்ள இடங்களை எண்ணுங்கள். எப்படியும் ஒன்று காலியாக இருக்கும். எதிர் வீட்டுக் கதவைத் தட்டி, "உங்க பிள்ளை எத்தனை மணிக்குக் கிளம்பும்?" என்று கேளுங்கள். பெட்ரோல் மிச்சமாவது கூடுதல் லாபம். உங்கள் பிள்ளைக்குக் கூடப்பிறந்தவர் எண்ணிக்கை ஒன்று கூடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்