அம்ஹர்ஸ்ட் தெருவில் பாடம் சொன்ன தமிழர்

இன்று ராஜா ராம்மோகன் சரணி என்று வழங்கும் அம்ஹர்ஸ்ட் தெருவை நம்மில் பலர் அறிவோம். அங்குள்ள செயின்ட் பால்ஸ் கல்லூரிக்கு 1930இல் பொருளியல் ஆசிரியராக வந்தவர் வேலூரில் பிறந்த ஓர் இருபது வயது இளைஞர். பெயர் மால்கம் ஆதிசேஷையா. ஆறு ஆண்டுகள் இந்நகரில் பாடம் சொன்னார். கொல்கத்தாத் தமிழர்களே இதை மறந்துவிட்டோம்!

பின்னர் லண்டனில் முனைவர் பட்டம், சென்னையில் பேராசிரியர் பணி, பாரிசில் யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநர் பதவி. ஆயினும் நாம் அவரை நினைப்பது பதவிக்காக அன்று. 1970இல், அறுபது வயதில் ஓய்வு பெற்றவர், வெளிநாட்டிலேயே வசதியாகத் தங்கியிருக்கலாம். தங்கவில்லை. சென்னைக்குத் திரும்பி, 1971இல் மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து, தம் சொந்தச் சேமிப்பைப் போட்டுச் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பு இடையில் வந்தது. 1994 நவம்பரில் மறையும் வரை அவர் கைவிடாத வேலை ஒன்று உண்டு: முதியோர் கல்வி.

உழைப்பவனுக்கு எழுத்தைத் தனியாகவும் பிழைப்பைத் தனியாகவும் பிரித்துக் கற்பிப்பதில் பயனில்லை என்பது 1965இல் டெஹ்ரானில் கூடிய கல்வி அமைச்சர்கள் மாநாட்டின் முடிவு. அப்போது யுனெஸ்கோவில் பொறுப்பில் இருந்தவர் ஆதிசேஷையா. 1978இல் அவர் தலைமையேற்ற குழு மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்வியை வலியுறுத்தியது. நடந்தது என்ன? தொழிற்பிரிவு மதிப்பெண் குறைந்த பிள்ளைகளைத் தள்ளிவிடும் இடமாயிற்று. அதே ஆண்டு அக்டோபர் 2இல் தொடங்கிய தேசிய முதியோர் கல்வித் திட்டமும் 1980இல் தில்லியில் ஆட்சி மாறியதும் சோர்ந்தது. குழு அறிக்கை எழுதுவது அறிஞர் வேலை. அதை அலமாரியில் பூட்டுவது அரசாங்கங்களின் வேலை போலும்!

நம் குடும்பங்களில் சம்பளச் சீட்டில் எவ்வளவு பிடித்தார்கள் என்று படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைப்போர் இன்னும் இருக்கிறார்கள். தெருவில் வங்காளியும் இந்தியும் சரளமாகப் பேசும் பிள்ளைக்கு, ஊரிலிருந்து பாட்டி அனுப்பும் கடிதத்தை வாசிக்கத் தெரியவில்லை. இங்குள்ள அரசுக்கு நாம் வெளியூர்க்காரர். அங்குள்ள அரசுக்கு ஊரைவிட்டுப் போனவர்கள். இரு அரசுகளிடமும் உரிமையைக் கேட்போம், உரக்கவே கேட்போம். அவர்கள் தரும்வரை விளக்கை ஏற்றாமல் உட்கார்ந்திருக்கவும் வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் எழுத்தர்களும் நம்மிடையே இல்லாமலில்லை. மாலையில் வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். முதல் பாடம் அரிச்சுவடியாக இருக்க வேண்டியதில்லை. சம்பளச் சீட்டாக இருக்கட்டும். வர இயன்றவர்கள் சங்கச் செயலாளரிடம் இம்மாத இறுதிக்குள் பெயர் கொடுக்கவும்.