பாம்பை அடிச்சுக் கொன்னா நஷ்டம் யாருக்கு? உயிர் காக்கும் மருந்துக்குப் பின்னால் செங்கல்பட்டு இருளர்கள்!

மறைமலை நகர்:

பாம்பு என்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. ஆனால் மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நைட் ஷிப்ட் முடிஞ்சு இருட்டில் ரூமுக்கு நடக்கும் தொழிலாளிக்கு அது தினசரி பயம். பாம்பைக் கண்டால் உடனே கட்டையைத் தேடுவதுதான் வழக்கம். ஆனால் கடிபட்டவரைக் காப்பாற்றும் விஷமுறிவு மருந்தே உயிரோடு இருக்கும் பாம்பிடம் இருந்துதான் கிடைக்கிறது. நாட்டில் அந்த மருந்துக்குத் தேவையான விஷத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து வந்தது நம்ம செங்கல்பட்டு மாவட்டம் என்பது பலருக்குத் தெரியாது.

வருஷத்துக்கு 58 ஆயிரம் உயிர்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பதாக 2020-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதாவது வருஷத்துக்கு சராசரி 58 ஆயிரம் பேர். இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். 2024-ல் தமிழக அரசு பாம்புக்கடியை 'கட்டாயம் தகவல் தெரிவிக்க வேண்டிய நோய்' என அறிவித்தது. இந்தச் சாவுகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்க மத்திய அரசும் திட்டம் போட்டுள்ளது.

தோலுக்குப் பதில் விஷம்

ஒரு காலத்தில் இருளர்கள் பாம்பைப் பிடித்துத் தோலுக்காக விற்று வந்தார்கள். 1972-ல் வனஉயிரின பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு தோல் ஏற்றுமதிக்கும் தடை விழுந்தது. பிழைப்பு போச்சு!

அப்போதுதான் பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கர் ஒரு வழி சொன்னார். பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்து விற்கலாம் என்பதுதான் அது. 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் உருவானது. மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இது இயங்குகிறது. விட்டேக்கருக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2023-ல் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் அதே விருது. இவர்கள் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டியவர்கள்!

பிடிச்சா எண்ணிக்கை குறையாதா?

நல்ல கேள்வி. புலியை கேமரா வைத்து எண்ணலாம். வளைக்குள் கிடக்கும் பாம்பை எப்படி எண்ணுவது? அதனால் இங்கே அடையாளம் போடும் முறை இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நாலு வகையை மட்டும் பிடிக்கிறார்கள். மண்பானையில் சுமார் மூணு வாரம் வைத்து, வாரம் ஒரு முறை விஷம் எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் சின்னதாக வெட்டி அடையாளம் வைத்து மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் உள்ள பாம்பு திரும்பச் சிக்கினால், ஏற்கெனவே பிடிபட்டது என்று தெரிந்துவிடும். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதையும் வனத்துறைதான் முடிவு செய்கிறது. அந்த உத்தரவு வந்தால்தான் இருளர் வீட்டில் அடுப்பு எரியும்.

எடுத்த விஷத்தைப் பொடியாக்கி மருந்து கம்பெனிக்கு அனுப்புகிறார்கள். அங்கே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்தெடுத்து மருந்து செய்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஒரே வகைப் பாம்பானாலும் ஊருக்கு ஊர் விஷம் மாறுகிறது என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வு காட்டியிருக்கிறது. நம்ம ஊர் விஷத்தில் செய்த மருந்து வடநாட்டுப் பாம்புக்கடிக்கு அதே அளவு கேட்காமல் போகலாம்.

வயல் போனா பாம்பு எங்கே போகும்?

இருளர் பாம்பு தேடுவது வயல் வரப்பு, புதர், கரையான் புற்று, எலி வளை. இதெல்லாம் இன்று ஷெட்டாகவும் பிளாட்டாகவும் மாறி வருகிறது. பாம்பு உடனே ஊரைக் காலி செய்வதில்லை. கேன்டீன் கழிவும் குப்பையும் குவியும் இடத்துக்கு எலி வரும். எலி பின்னாடியே பாம்பு வரும். பாம்பைக் கொன்றாலும் எலி குறையப் போவதில்லை. எலி இருக்கிற வரை அடுத்த பாம்பும் வரும்.

எனவே குப்பையை அள்ளுவதும், தொழிலாளர் நடக்கும் பாதையில் விளக்கு போடுவதும், புதர் நிலத்தில் கொஞ்சமாவது விட்டு வைப்பதும் பாம்புக்கும் மனுஷனுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. பாம்பு பிடிக்கத் தெரிந்த இருளர்களைத் தொழிற்பேட்டைகளில் பயன்படுத்தினால் அவர்களுக்கும் பிழைப்பு கிடைக்கும்.

இதை மறக்காதீங்க

கட்டுவிரியன் கடிச்சா பெரிசா வலி தெரியாது. ராத்திரி தரையில் படுப்பவர்கள் கொசுவலையை ஓரம் மடித்துக் கட்டணும். இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்கக் கூடாது. கடிபட்டால் கயிறு கட்டுவது, கத்தியால் கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எல்லாம் ஆபத்து. கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ஐ கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் கட்டையை எடுக்காமல் வனத்துறைக்கோ, தீயணைப்புத் துறைக்கோ போன் போடுங்க.