லா பாஸ் போகிறீர்களா? முதல் இரண்டு நாள் சும்மா இருங்கள்!

'உயரமான ஊராமே டாக்டர்... தலை சுத்தாம இருக்க ஏதாவது சூரணம் கட்டிக் குடுங்களேன்!'

தென் அமெரிக்கச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டிவிட்டு வந்த ஒரு தம்பதி, சென்ற மாதம் என்னிடம் இப்படிக் கேட்டார்கள். இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் பார்க்கப்போகும் ஊர்களில் பொலிவியாவின் லா பாஸும் ஒன்று. சட்டப்படி அந்த நாட்டின் தலைநகர் சுக்ரே. ஆனால், அரசாங்கம் நடப்பது லா பாஸில்!

நான் சூரணம் கொடுக்கவில்லை. என் அனுபவத்தைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நானும் மனைவியும் அங்கே போனோம். விமான நிலையம் இருக்கும் எல் ஆல்டோ 4,061 மீட்டர் உயரம். அங்கிருந்து சரிவில் இறங்கினால், சுமார் 3,600 மீட்டரில் நகரம். நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான்! அவ்வளவு உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அதனால் ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

'தினமும் பிராணாயாமம் செய்கிறவன், எனக்கென்ன ஆகும்?' என்ற மிதப்பு எனக்கு. அறையில் பெட்டியை வைத்ததுமே கிளம்பினேன்.

'ஏங்க, இன்னிக்கு ஒரு நாள் படுத்திருக்கக் கூடாதா?' என்றாள் மனைவி. கேட்டால்தானே?

சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்தின் அருகே, ஏற்றமான தெருவில் 'சூனியக்காரிகள் சந்தை' இருக்கிறது. வேர், பட்டை, இலை என்று நம்மூர் நாட்டு மருந்துக் கடை போலவே! ஆசை ஆசையாகப் பார்த்தேன். அரை மணி நேரம்தான்... மண்டையைப் பிளக்கும் வலி, குமட்டல். அன்று இரவு பொட்டுத் தூக்கம் இல்லை.

தங்கிய இடத்தில் கோக்கா இலை டீ கொடுத்தார்கள். அந்த மலை மக்களின் பழங்காலப் பழக்கம் அது. மதிக்கிறேன். ஆனால், அவர்கள் உடம்பு தலைமுறை தலைமுறையாக அந்த உயரத்துக்குப் பழகியது. நமக்கு அந்த டீ காப்பு என்று சொல்ல உறுதியான சான்று இல்லை. 'நல்லா இருக்கே' என்று ஊருக்கும் வாங்கி வந்துவிடாதீர்கள்! கோக்கா இலை நம் நாட்டின் 1985-ம் வருடப் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது.

மூலிகையே பிழைப்பாக உள்ள நான் சொல்கிறேன்: இந்த விஷயத்தில் சூரணத்தையும் கஷாயத்தையும் நம்பாதீர்கள். ஓய்வுதான் மருந்து. அதற்கும் அடங்காவிட்டால், கீழே இறங்குவதுதான் மருந்து.

முதல் இரண்டு நாள் ஏற்றம் ஏறாதீர்கள். கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது. ஊரைப் பார்க்க வேண்டுமா? 2014-ல் தொடங்கிய கேபிள் கார் இருக்கிறது. ஆனால், அதையும் மூன்றாம் நாளுக்கு வையுங்கள். அது உங்களை எல் ஆல்டோவுக்கே மறுபடி ஏற்றிவிடும்!

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா? நுரையுடன் இருமலா? நடை தள்ளாடுகிறதா, பேச்சு குழறுகிறதா? 'காலையில சரியாயிடும்' என்று காத்திருப்பது உயிரோடு விளையாடுவது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆக்சிஜன் வைத்து, தாழ்வான ஊருக்கு இறக்க வேண்டும்.

இருதய நோய், நுரையீரல் நோய், கடுமையான ரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே தங்கள் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். உயர நோயைத் தடுக்க அலோபதியில் அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. அதை யார் சாப்பிடலாம் என்பதையும் அவரே சொல்லட்டும். 'சித்த வைத்தியர் இப்படிச் சொல்லலாமா?' என்பீர்கள். நோயாளி பிழைப்பதுதான் முக்கியம். என் வைத்தியம் ஜெயிப்பது அல்ல!

இன்னொரு யோசனை. சுக்ரே சுமார் 2,800 மீட்டர்தான். அங்கே இரண்டு, மூன்று நாள் தங்கிவிட்டு லா பாஸுக்கு ஏறினால் உடம்பு படிப்படியாகப் பழகும்.

அந்தத் தம்பதி அப்படியே பயணத்தை மாற்றிக்கொண்டார்கள். கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார், 'அப்ப மருந்தே கிடையாதா டாக்டர்?'

'சும்மா இருக்கறதுதாம்மா மருந்து. அதை ரெண்டு நாளைக்கு ஒழுங்கா சாப்பிடுங்க!' என்றேன்.