தடைக்காலத்து ஆயில் எங்கே போகிறது?

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கரைகளில் அந்த நாட்களில்தான் இஞ்சினைப் பிரித்துப் பழுது பார்ப்பார்கள், ஆயில் மாற்றுவார்கள். புது ஆயில் என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். வடித்தெடுத்த கறுப்பு ஆயில் எங்கே போனது என்று கேட்டால் பதில் பலவாறாக வரும். கேனில் பிடித்து விற்றவர் உண்டு, கரையான் அரிக்காமல் இருக்க மரத்தில் பூசியவர் உண்டு. படகின் அடியில் தேங்கிய தண்ணீரோடு கடலில் இறைத்ததைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

ஐரோப்பாவில் இந்தக் கேள்விக்கு 1975-லேயே சட்டம் போட்டார்கள். 2008-ல் வந்த கழிவுச் சட்டமும் கழிவு ஆயிலைத் தனியாகச் சேகரிக்கச் சொல்கிறது. எரிப்பதைவிடச் சுத்திகரித்து மீண்டும் ஆயிலாக்குவதற்கே முன்னுரிமை. இத்தாலியில் ஆயில் விற்பவர்கள் ஒவ்வொரு கிலோவுக்கும் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில்தான் 1984 முதல் ஒரு கூட்டமைப்பு ஒர்க்‌ஷாப்களிலிருந்து கழிவு ஆயிலை இலவசமாக எடுத்துச் செல்கிறது. கொட்டிவிடலாம் என்ற எண்ணம் வராமல் இருக்கக் காரணம் அபராத பயத்தைவிட இந்த வசதிதான் என்று நாம் நினைக்கிறோம்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ன் அபாயகரமான கழிவு விதிகளில் 2023 செப்டம்பரில் திருத்தம் வந்து, 2024 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. விற்கும் கம்பெனியே திரும்பப் பெறுவதற்கும் பொறுப்பு. முதல் ஆண்டு இலக்கு 5%. படிப்படியாக 50% வரை உயரும். ஆனால் கம்பெனி நேரில் வந்து ஆயில் எடுக்க வேண்டியதில்லை. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலையிடம் சான்றிதழ் வாங்கினால் கணக்கு நேராகிவிடும்.

சிக்கலே இங்கேதான். அந்தச் சான்றிதழுக்கான ஆயில் சென்னையின் பெரிய ஒர்க்‌ஷாப்களிலிருந்தும் வரலாம், குஜராத்திலிருந்தும் வரலாம். தங்கச்சிமடத்துக்கு லாரி அனுப்ப எந்தக் கம்பெனிக்கும் கட்டாயம் இல்லை. இலக்கு எட்டப்பட்டதாகத் தாளில் இருக்கும். நம் கரையில் கேன் அப்படியே நிற்கும்.

இத்தனைக்கும் இது சாதாரணக் கரை அல்ல. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளப்பாறையும் கடற்புல்லும் கரையை ஒட்டியே இருக்கின்றன. இஞ்சினில் ஓடித் தேய்ந்த ஆயிலில் உலோகத் துகள்களும் புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனங்களும் கலந்திருக்கும். பாசி எடுக்க முகம் புதைய முங்குகிற நம் பெண்கள் அந்தத் தண்ணீரில்தான் நிற்கிறார்கள்.

படகுக்காரரைக் குற்றவாளியாக்கி இது தீராது. டீசல் விலையில் ஏற்கெனவே திணறுபவரிடம் கேனைச் சுமந்து ராமநாதபுரம் போகச் சொல்ல முடியுமா? ஒவ்வொரு இறங்குதளத்திலும் மூடியுள்ள ஒரு பீப்பாய், தடைக்காலத்தில் பதிவு பெற்ற சேகரிப்பாளரின் வண்டி, லிட்டருக்கு ஒரு விலை என்று இருந்தால் யாரும் கடலில் கொட்டப் போவதில்லை. மீன்வளத் துறையும் மாசு கட்டுப்பாட்டு வாரியமும் சேர்ந்தால் செய்யக்கூடியதே. மீனவர் சங்கங்களும் கடலோர ஜமாஅத்துகளும் அடுத்த ஏப்ரலுக்கு முன்பே ஆட்சியரிடம் மனுவாகக் கொடுக்கலாம். படகுகள் கரையேறிய பிறகு கொடுத்தால் அந்த ஆண்டு ஆயில் போன இடத்துக்கே போயிருக்கும்.