பாதையை விட்டு இறங்கக் கூடாது

காட்டுக்குள் சும்மா நடப்பதற்காக ஒருவர் பஸ் ஏறிப் போவார் என்று முன்பு யாரும் சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். எங்களுக்குக் காடு என்றால் விறகு, இல்லாவிட்டால் இடம்பெயர்வு. 2023 ஒக்ரோபரில் கனடாவில் தங்கச்சி வீட்டில் நின்றபோதுதான் இப்படியும் ஒரு நடை இருப்பதைக் கண்டேன்.

ரொறன்ரோ நகரின் கிழக்குப் பக்கம் ஸ்காபரோ. எங்கள் சனம் நிறைய இருக்கும் இடம். அதன் ஓரத்தில் ரூஜ் ஆற்றை ஒட்டிப் பெரிய காடு. 2015இல் அதைத் தேசிய நகரப் பூங்காவாக்கினார்கள். கனடாவில் அந்த வகையில் அதுதான் முதலாவது. 79 சதுர கிலோமீற்றர். உள்ளே போகக் காசு இல்லை. மிருகக்காட்சிச்சாலைக்குப் போகும் நகர பஸ்ஸில் போய் இறங்கி நடக்கலாம். தங்கச்சி கனடாவுக்குப் போய் 24 வருடம். அவளுக்கும் அன்றுதான் முதல் தடவை. வேலை, வேலை என்றே ஓடியிருக்கிறாள்.

நாங்கள் நடந்தது இரண்டு பாதைகளைச் சேர்த்த ஒரு சுற்று. ஒன்று மேட்டோடு போகிறது. அதில் மரத்தால் பரண் மாதிரி ஒன்று கட்டியிருக்கிறார்கள். ஏறி நின்றால் பள்ளத்தாக்குத் தெரியும். மற்றது, பழைய பழத்தோட்டத்தின் பெயரால் அழைக்கப்படுவது, சின்ன ரூஜ் என்ற கிளையாற்றுப் பக்கமாகத் திரும்பி வருகிறது. எல்லாமாக நான்கு கிலோமீற்றர் வரும்.

தொடக்கத்திலேயே அறிவித்தல் பலகை. தங்கச்சி வாசித்துச் சொன்னாள்: "பாதையை விட்டு இறங்கக் கூடாதாம் அக்கா."

என் கால் அப்படியே நின்றுவிட்டது. உங்களில் பலருக்கு இது விளங்கும். 2010இல் ஊருக்குத் திரும்பியபோது சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டு எங்களுக்கும் இதைத்தானே சொன்னார்கள். விறகுக்குப் போனாலும் முன்னால் போனவரின் அடியில் அடி வைத்துத்தான் நடந்தோம்.

"மிதிவெடியோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "இல்லை அக்கா, உண்ணி" என்றாள்.

அங்கே புல்லிலும் பற்றையிலும் கருங்கால் உண்ணி இருக்கிறது. கடித்தால் லைம் என்ற நோய் தொற்றலாம். காய்ச்சல் வரும், தோல் வட்டமாகச் சிவக்கும், கவனியாமல் விட்டால் மூட்டு, நரம்பு வரை போகும். ஒட்டிய ஒரு நாளுக்குள் உண்ணியைப் பிடுங்கிவிட்டால் பயம் மிகவும் குறைவு. அதனால் நீளக் காற்சட்டை போட்டு, காலுறையை அதன் மேல் இழுத்துவிட்டு நடக்க வேண்டும். நடந்து முடிய உடம்பைத் தேடிப் பார்க்க வேண்டும். இந்த வயதில் தங்கச்சியின் காற்சட்டையை நான் போட்ட கதை இதுதான்.

முதல் அரை மணித்தியாலம் நிலத்தைப் பார்த்தே நடந்தேன். மேப்பிள் இலைகள் சிவப்பும் மஞ்சளுமாகப் பாதையை மூடிக் கிடந்தன. எல்லாரும் அந்த அழகைப் படம் எடுக்கிறார்கள். மூடிக் கிடக்கும் நிலத்தில் கால் வைக்க எனக்கு இன்னும் மனம் வருவதில்லை.

ஆற்றங்கரையில்தான் தலை நிமிர்ந்தது. மீன்! ஒன்றரை முழம் வரும். முதுகு வெளியே தெரிகிற அளவு தண்ணீரில் எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தன. சினூக் என்ற சமன் மீன். (சமன் என்று சொல்லி நாங்கள் ரின்னில் சாப்பிடுவது பெரும்பாலும் வேறு மீன்.) இலையுதிர் காலத்தில் ஒன்ராறியோ ஏரியிலிருந்து ஆறுகளில் ஏறி, தாங்கள் பொரித்த இடத்தைத் தேடிப் போய், முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். அந்த ஏரிக்கே உரிய சமன் இனம் 19ஆம் நூற்றாண்டு முடியும்போதே இல்லாமல் போய்விட்டது. ஆறுகளை மறித்து அணை கட்டியதும் காட்டை அழித்ததும் காரணம். இப்போது ஏறுவது 1960களின் பிற்பகுதியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பசுபிக் இனம்.

"அப்ப இதுகளும் எங்களை மாதிரி வந்ததுகள்தான்" என்றாள் தங்கச்சி. அதற்குப் பிறகு கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

சுற்று முடிய, பஸ் தரிப்பிடத்து வாங்கில் இருந்தோம். அவள் என் காற்சட்டையை முழங்கால் வரை உருட்டி உண்ணி தேடினாள். சின்ன வயதில் நான் அவளுக்குப் பேன் பார்த்த மாதிரி. உண்ணி ஒன்றும் இல்லை. ஆனால் அவள் விரல் கெண்டைக்காலில் நின்றுவிட்டது.

"இது எப்ப அக்கா?"

"2009. மாத்தளனில். ஷெல் துண்டு."

இவ்வளவு வருடமும் தொலைபேசியில் எத்தனையோ கதைத்திருக்கிறோம். இதை அவள் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. பஸ் வந்து நின்றது. நான் எழும்பப் போனேன். அவள் கையைப் பிடித்து இருத்தினாள்.

"அது போகட்டும். நீங்கள் சொல்லுங்கோ."