ஓட்டுப் போடும் நாளுக்குக் கூலி உண்டு, சாட்சி சொல்லும் நாளுக்கு?

தேர்தல் நாளன்று லீவு விட்டால் அதை முதலாளியின் தயவாகவே கடலூர் மாவட்டத்தில் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது தயவு அல்ல. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996இல் சேர்த்த 135பி பிரிவு தரும் உரிமை. மக்களவைக்கோ சட்டமன்றத்துக்கோ வாக்குப்பதிவு நடக்கும் நாளில் வாக்காளரான ஊழியருக்கு விடுமுறை தர வேண்டும், சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வந்தால்தான் கூலி என்று இருப்பவருக்கும் அன்றைய கூலி உண்டு. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்ணும் இதில் அடக்கம்.

வெளியூரில் வேலை பார்ப்பவருக்கும் இது பொருந்தும் என்று தேர்தல் ஆணையம் விளக்கியிருக்கிறது. 2024இல் சிதம்பரம் தொகுதிக்கு ஏப்ரல் 19இல் வாக்குப்பதிவு, பெங்களூருக்கு 26இல். ஊரில் ஓட்டை வைத்துக்கொண்டு பெங்களூரில் கட்டட வேலை செய்தவருக்கு 19ஆம் தேதிதான் சம்பளத்தோடு கூடிய விடுமுறை.

விலக்கு ஒன்று உண்டு. ஆள் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரிய நஷ்டமோ வரும் வேலைக்கு இந்த விடுமுறை கட்டாயமில்லை. கடலூர் சிப்காட்டின் ரசாயன ஆலையில் பாய்லரைப் பார்ப்பவரை நினைத்துக்கொள்ளலாம். அதே ஆலையின் கணக்குப் பிரிவுக்கும் இந்தச் சாக்கைச் சொல்ல முடியாது.

ஒரு நாள் கூலிக்குப் பயந்து நாலு பேர் ஓட்டுப் போடாவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு 2016 காட்டுமன்னார்கோவிலே பதில். தொல். திருமாவளவன் அங்கே தோற்றது 87 ஓட்டில். ஆனால் விடுமுறை தராத முதலாளிக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய்தான். கொத்தனாரின் ஒரு நாள் கூலிகூட இல்லை. இதை உயர்த்தியே ஆக வேண்டும்.

ஓட்டுக்கு இவ்வளவாவது இருக்கிறது. சாட்சிக்கு அதுவும் இல்லை. சம்மன் வந்தால் போகாமல் இருக்க முடியாது, போகாவிட்டால் வாரண்ட் வரும். காட்டுமன்னார்கோவில் கூலித் தொழிலாளி முதல் பஸ்ஸைப் பிடித்துக் கடலூர் கோர்ட் வராந்தாவில் பேர் கூப்பிடும்வரை நிற்கிறார். மதியத்துக்கு மேல் வழக்கு வாய்தா ஆகிறது. கூலி போயிற்று, அடுத்த தேதிக்கும் போகப்போகிறது. அரசு ஊழியர் தம் அலுவல் தொடர்பாகச் சாட்சி சொன்னால் அது பணி நாள். தனியார் ஊழியருக்கு அந்த நாளின் சம்பளத்தைத் தரச் சொல்லி 135பி போல ஒரு பிரிவு இல்லை.

விருத்தாசலம் அருகே 2003இல் நடந்த கண்ணகி–முருகேசன் கொலையில் கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021இல். வழக்குகள் இப்படி நீளும் நாட்டில் கூலியை இழந்து இழந்து எத்தனை சாட்சி தாங்குவார்? வாய்தாவால் திரும்பத் திரும்ப அலைக்கழிக்கப்பட்டு, படியும் கிடைக்காமல் போகும் சாட்சிகளின் நிலையை 2000இல் ஸ்வரன் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் வருத்தத்தோடு சொல்லிவிட்டது.

இப்போதைக்குக் கையில் இருப்பது சாட்சிப் படிதான். சிவில் வழக்கில் சாட்சியை அழைக்கும் தரப்பே பயணச் செலவையும் படியையும் கோர்ட்டில் கட்ட வேண்டும். குற்ற வழக்கில் மாநில அரசின் விதிகளுக்கு உட்பட்டு, அரசுச் செலவில் படி தரச் சொல்லி நீதிபதி உத்தரவிடலாம். உத்தரவிட்டே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அந்த இடத்தைத்தான் மாற்ற வேண்டும். வாய்தா ஆன நாளுக்கும் சேர்த்து, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத படியைத் தமிழக அரசு விதியாக்கட்டும். அதுவரை சம்மனோடு போகிறவர்கள் பஸ் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, வந்துபோனதற்குச் சான்று வாங்கி, படியைக் கேட்டுவிட்டே கோர்ட்டை விட்டு இறங்குங்கள்.